புதிய இன்ட்ராநெட்டிற்கு மாறுகிறீர்களா? முதலில் திட்டமிடுங்கள்

அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பணியாற்றுபவர்களுக்கு என்றாவது ஒரு நாள் இப்படி ஒரு சுற்றறிக்கை வந்தே தீரும்: "வரும் திங்கள் முதல் நம் நிறுவனம் புதிய இன்ட்ராநெட்டிற்கு மாறுகிறது. அனைவரும் ஒத்துழைக்கவும்." அந்தத் திங்கட்கிழமை காலையில் விடுமுறைப் படிவம் எங்கே, பே ஸ்லிப் எங்கே என்று ஒருவரை ஒருவர் கேட்டுக் கொண்டு நிற்பதும் பல இடங்களில் நடப்பதுதான். பெரும்பாலும் இதற்குக் காரணம் புதிய சாப்ட்வேர் அல்ல. மாறுவதற்கு முன் சரியாகத் திட்டமிடாததுதான்.

சிறிய நிறுவனங்களில் இந்தப் பணி, "உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒருவர் தலையில் கட்டப்படுவதும் உண்டு. அவருக்கும், மாற்றத்தைச் சந்திக்க இருக்கும் ஊழியர்களுக்கும் பயன்படும் வகையில் சில விளக்கங்கள் இங்கு தரப்படுகின்றன.

இன்ட்ராநெட் என்றால் என்ன?

இன்டர்நெட் உலகம் முழுமைக்கும் பொதுவானது. இன்ட்ராநெட் ஒரு நிறுவனத்திற்குள் மட்டும் இயங்குவது. அதே பிரவுசர், அதே லிங்க், அதே வெப் பக்கங்கள்தான். ஆனால் அந்நிறுவனத்தில் பணியாற்றுபவர்கள் மட்டுமே அவற்றைப் பார்க்க முடியும். சுற்றறிக்கைகள், படிவங்கள், டெலிபோன் பட்டியல், பணி விதிகள், பே ஸ்லிப் போன்றவை எல்லாம் இதில் இடம் பெறும்.

வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பு உள்ளவர்கள் இதன் சிறிய மாதிரியை இப்போதே பார்க்கலாம். பிரவுசரின் அட்ரஸ் பாரில் 192.168.1.1 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். பல ரௌட்டர்களில் செட்டிங்ஸ் பக்கம் கிடைக்கும். கிடைக்கவில்லை எனில் ரௌட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் சரியான எண் இருக்கும். இதே எண்ணை உங்கள் நண்பர் அவர் வீட்டில் டைப் செய்தால், அவருடைய ரௌட்டர்தான் வருமே தவிர, உங்களுடையது வராது. 10 எனத் தொடங்கும் எண்கள், 172.16 முதல் 172.31 வரையிலான எண்கள், 192.168 எனத் தொடங்கும் எண்கள் ஆகியவை இப்படி உள் நெட்வொர்க்குகளுக்காகவே ஒதுக்கப்பட்டுள்ளன. இதனை வரையறுக்கும் ஆர்.எப்.சி. 1918 என்னும் ஆவணம் 1996ல் வெளியானது. அலுவலக இன்ட்ராநெட் சர்வர்களும் பெரும்பாலும் இத்தகைய எண்களில்தான் இயங்கி வந்தன.

இன்று பல நிறுவனங்களின் இன்ட்ராநெட் அலுவலகக் கட்டடத்திற்குள் இல்லை. மைக்ரோசாப்ட் ஷேர்பாயிண்ட் ஆன்லைன், கூகுள் சைட்ஸ் போன்ற கிளவுட் சேவைகளில் இயங்குகின்றன. முன்பு அலுவலகத்தின் கேபிள் எதுவரை போகிறதோ, அதுவே எல்லை. இப்போது யூசர் நேமும் பாஸ்வேர்டும்தான் எல்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

டெலிபோன் பட்டியல் தரும் பாடம்

வெப் என்பதே ஒரு நிறுவனத்தின் உள் தேவைக்காகத்தான் பிறந்தது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு மையத்தில், டிம் பெர்னர்ஸ் லீ 1989ல் இதற்கான திட்டத்தை எழுதினார். ஆயிரக்கணக்கானோர் வந்து போகும் அந்த மையத்தில் தகவல்கள் சிதறிக் கிடந்ததே அவர் தீர்க்க நினைத்த பிரச்னை. ஆனால் அங்கிருந்தவர்களைத் தொடக்கத்தில் வெப் பக்கம் இழுத்தது எது தெரியுமா? செர்ன் மையத்தின் டெலிபோன் டைரக்டரி. மெயின்பிரேம் கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் பட்டியலை வெப் வழியாக எளிதாகப் பார்க்க முடிந்ததால்தான் பலர் அதைப் பயன்படுத்தத் தொடங்கினர்.

இன்ட்ராநெட்டிற்கு ஊழியர்கள் வருவது அதன் அழகைப் பார்க்க அல்ல. ஏதோ ஒரு சின்ன வேலையை முடிக்கத்தான் வருகிறார்கள். அந்த வேலை மாற்றத்திற்குப் பிறகும் நடக்க வேண்டும். பைல்கள் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, அவற்றைத் தேடுபவருக்கு வழி தெரியாமல் போனால், மாற்றம் தோல்வி என்றே சொல்ல வேண்டும்.

ஏன் மாற வேண்டியுள்ளது?

விருப்பப்பட்டு மாறுபவர்களைவிட, வேறு வழியில்லாமல் மாறுபவர்களே அதிகம். அடோப் பிளாஷ் பிளேயருக்கான சப்போர்ட் 2020 டிசம்பர் 31ல் முடிந்தது. பிளாஷில் பயிற்சிப் பாடங்கள் அமைத்திருந்த இன்ட்ராநெட்டுகளில் அவை இயங்காமல் போயின. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 பிரவுசரை மைக்ரோசாப்ட் 2022 ஜூன் 15ல் விலக்கிக் கொண்டது. அந்த ஒரு பிரவுசரை நம்பி அமைக்கப்பட்ட பக்கங்கள் சிக்கலுக்குள்ளாயின. சொந்த சர்வரில் இயங்கும் ஷேர்பாயிண்ட் சர்வர் 2016, 2019 ஆகிய இரண்டிற்கும் சப்போர்ட் முடியும் நாளாக 2026 ஜூலை 14ஐ மைக்ரோசாப்ட் அறிவித்தது.

பேஸ்புக் நிறுவனம் 2016ல் கொண்டு வந்த வொர்க்பிளேஸ் சேவை இன்னொரு எடுத்துக்காட்டு. இதனை மூடப் போவதாக மெட்டா 2024 மே மாதம் அறிவித்தது. 2025 ஆகஸ்ட் முடியும் வரை வழக்கம் போல் பயன்படுத்தலாம். பின்னர் 2026 மே முடியும் வரை படிக்கவும் டவுண்லோட் செய்திடவும் மட்டுமே முடியும் எனக் கெடு வைக்கப்பட்டது. இரண்டு ஆண்டு அவகாசம் கிடைத்தது நல்லதுதான். எல்லா நிறுவனங்களும் இவ்வளவு காலம் தருவதில்லை.

இனி, மாற்றத்தைத் திட்டமிடும் வழிகளைப் பார்க்கலாம்.

1. கணக்கெடுப்பு: எக்ஸெல் ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். பழைய இன்ட்ராநெட்டில் உள்ள ஒவ்வொரு பக்கத்திற்கும் பைல் தொகுப்பிற்கும் ஒரு வரிசை. தலைப்பு, முகவரி, பொறுப்பாளர், கடைசியாகத் திருத்திய தேதி, எத்தனை பேர் பார்க்கிறார்கள், என்ன செய்யப் போகிறோம் என நெட்டு வரிசைகளை அமைக்கவும். கடைசி வரிசையில், "அப்படியே எடு", "திருத்தி எடு", "சேமிப்பில் வை", "நீக்கு" என நான்கில் ஒன்றை எழுதவும்.

எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை சர்வரின் லாக் பைல் காட்டும். இதனை ஒரு மாதத்திற்கு மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வருமான வரிக்கான முதலீட்டு விவரப் படிவத்தை ஆண்டில் ஓரிரு முறைதான் தேடுவார்கள். ஒரு மாதக் கணக்கில் அது "யாருக்கும் வேண்டாத பைல்" போலத் தெரியும். எனவே பன்னிரண்டு மாதங்களுக்கான லாக் பைலைப் பார்க்கவும். கணக்கு, சம்பளம், ஒப்பந்தம் தொடர்பானவற்றைச் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய காலம் உண்டு. அவற்றைக் கணக்குப் பிரிவைக் கேட்காமல் நீக்கக் கூடாது.

2. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர்: பொறுப்பாளர் வரிசையில் "நிர்வாகம்" என்று எழுதினால் போதாது. ஒருவரின் பெயர் இருக்க வேண்டும். பெயர் கிடைக்காத பக்கம் புதிய இடத்திற்குப் போகக் கூடாது. பழைய தொலைபேசி எண்ணுடன் அது அங்கேயும் பல ஆண்டுகள் கிடந்து ஊழியர்களைத் தவறான இடத்திற்கு அனுப்பிக் கொண்டிருக்கும்.

3. யார் எதைப் பார்க்கலாம்?: திட்டத்தில் மிகவும் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். பழைய சர்வரில் ஏதோ ஒரு போல்டரின் உள்ளே, ஐந்தாவது அடுக்கில், சம்பளப் பட்டியல் ஒன்று இருக்கலாம். அந்த போல்டருக்கு "எவ்ரிஒன்" என அனைவருக்கும் அனுமதி தரப்பட்டும் இருக்கலாம். யாரும் அந்த இடத்திற்குப் போகாததால் அது பத்திரமாக இருந்தது. புதிய இன்ட்ராநெட்டிற்கு அதே அனுமதியுடன் போனால் என்ன நடக்கும்? அங்கே நல்ல தேடல் வசதி இருக்கும். ஒருவர் "சம்பளம்" எனத் தேடினால், அவருக்கு அனுமதி உள்ள பைல்கள் எல்லாம் வந்து நிற்கும். மைக்ரோசாப்ட் 365 கோபைலட் போன்ற ஏ.ஐ. உதவியாளர்களும் இப்படித்தான், பயனாளருக்கு அனுமதி உள்ள பைல்களிலிருந்து பதில் தருகின்றன. கிளவுடில் யூசர் நேமும் பாஸ்வேர்டும்தான் எல்லை என்று மேலே பார்த்தோம் அல்லவா? எனவே அனுமதிகளை அப்படியே காப்பி செய்திடாமல், புதிதாக எழுதி அமைக்கவும்.

சோதனை செய்திடும்போது அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட்டில் நுழைந்து பார்ப்பதில் பயனில்லை. அதற்கு எல்லாமே தெரியும். சாதாரண ஊழியர் ஒருவருக்கான அக்கவுண்ட்டை உருவாக்கி, அதில் நுழைந்து, சம்பளம், மருத்துவம், ஒழுங்கு நடவடிக்கை போன்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். வரக் கூடாதது வந்தால், திறப்பு நாளுக்கு முன்பே சரி செய்துவிடலாம்.

4. பெயர்களும் நீளமும்: போல்டருக்குள் போல்டர் என அடுக்கிக் கொண்டே போகும் பழக்கம் பலருக்கு உண்டு. ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் போல்டர் பெயர்களும் பைல் பெயரும் சேர்ந்து 400 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. விண்டோஸ் சர்வரிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு மாறுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரையும் சிறிய எழுத்தில் தொடங்கும் அதே பெயரையும் விண்டோஸ் ஒன்றாகவே கருதும். லினக்ஸ் இரண்டையும் வெவ்வேறு பைல்களாகப் பார்க்கும். நேற்று வரை இயங்கிய லிங்க்குகள் இன்று "பக்கம் இல்லை" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. பழைய தமிழ் பைல்கள்: தமிழில் சுற்றறிக்கைகள் வைத்திருக்கும் அலுவலகங்கள் இதனைத் தனியே கவனிக்க வேண்டும். யுனிகோட் பரவலாவதற்கு முன் பாமினி, டாம், டாப், திஸ்கி எனப் பல எழுத்துருக்களிலும் குறியீட்டு முறைகளிலும் டைப் செய்தோம். தமிழ்நாடு அரசு யுனிகோட் முறையை ஏற்று ஆணையிட்டது 2010ல்தான். அந்தப் பழைய பைல்களைப் புதிய இன்ட்ராநெட்டின் பக்கத்தில் திறந்தால், எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். எழுத்துரு உள்ளிணைக்கப்பட்ட பி.டி.எப். பைலாக இருந்தால் படிக்க முடியும். ஆனால் தமிழில் தேடினால் கிடைக்காது.

இவற்றை யுனிகோடிற்கு மாற்றித் தரும் புரோகிராம்கள் உள்ளன. முதலில் ஒரு காப்பி எடுத்து, காப்பியை மட்டும் மாற்றவும். மாற்றியதை ஒருவர் முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். குறிப்பாக இடையில் ஆங்கிலச் சொற்கள் வரும் இடங்களைக் கவனிக்கவும். அவற்றையும் தமிழ் என எண்ணிப் புரோகிராம் மாற்றிவிடும்.

6. பழைய முகவரிகள்: ஊழியர்கள் பலர் முதல் பக்கம் வழியாகச் செல்வதில்லை. பிரவுசரில் புக்மார்க் செய்து வைத்திருப்பார்கள். பழைய மெயில்களில் லிங்க் இருக்கும். எக்ஸெல் பைல் ஒன்று, சர்வரில் உள்ள இன்னொரு எக்ஸெல் பைலிலிருந்து எண்களை எடுத்துக் கொண்டிருக்கும். இவை எல்லாம் ஒரே நாளில் அறுந்து போகும். கணக்கெடுப்பில் அதிகம் பேர் பார்ப்பதாகத் தெரிந்த பக்கங்களுக்காவது, பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்குத் தானாகவே அழைத்துச் செல்லும் ரீடைரக்ட் அமைக்கவும். நிரந்தர மாற்றம் எனில் இதற்கான குறியீட்டு எண் 301. அதிகம் பார்க்கப்படுபவை முதலில் முடிந்தால், முதல் நாளில் வரும் புகார்கள் பெருமளவு குறையும்.

முதல் பக்கத்தின் பெயரை மாற்றாமல், அது சுட்டும் சர்வரை மட்டும் மாற்றுவதாக இருந்தால், டி.என்.எஸ். அமைப்பில் டி.டி.எல். என்ற மதிப்பைக் கவனிக்கவும். ஒரு முகவரியை கம்ப்யூட்டர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதை நொடிகளில் சொல்வது இது. 86,400 என இருந்தால் ஒரு நாள். மாற்றத்திற்கு இரண்டு நாட்களுக்கு முன் இதனை 300 எனக் குறைத்துவிட்டால், மாற்றிய ஐந்து நிமிடங்களில் பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் புதிய சர்வருக்குச் செல்லத் தொடங்கிவிடும்.

7. எவ்வளவு நேரம் ஆகும்?: "சனி, ஞாயிறில் காப்பி செய்துவிடலாம்" என்று சொல்வதற்கு முன் ஒரு சிறிய கணக்குப் போடுங்கள். 500 ஜிபி டேட்டா உள்ளது என வைத்துக் கொள்வோம். ஒரு பைட்டிற்கு 8 பிட். எனவே 500 ஜிபி என்பது 40 லட்சம் மெகாபிட். அப்லோட் வேகம் நொடிக்கு 100 மெகாபிட் எனில், 40,000 நொடிகள். அதாவது 11 மணி நேரத்திற்குச் சற்று அதிகம். வேகம் 20 மெகாபிட் எனில் 55 மணி நேரத்திற்கும் மேல். சனி மாலை 6 மணி முதல் திங்கள் காலை 9 மணி வரை உங்களிடம் இருப்பது 39 மணி நேரம்தான். அதுவும் முழு வேகம் கிடைத்தால்தான் இந்தக் கணக்கு. சிறிய பைல்கள் லட்சக்கணக்கில் இருந்தால் இன்னும் தாமதமாகும்.

எனவே, பெரும்பகுதியை முன்பே காப்பி செய்துவிட்டு, கடைசி வார இறுதியில் அதன் பின் மாறியவற்றை மட்டும் அனுப்பவும். இறுதிக் காப்பி தொடங்கியதும் பழைய இன்ட்ராநெட்டைப் படிக்க மட்டும் என மாற்றிவிடவும். இரண்டு இடங்களிலும் திருத்த அனுமதித்தால், எது சரியான பைல் என்று ஒரு வாரத்தில் யாருக்கும் தெரியாமல் போகும்.

8. நாள் பார்த்தல்: சம்பளம் போடும் நாட்கள், மார்ச் மாதக் கடைசி, பண்டிகை போனஸ் வழங்கும் வாரம் ஆகியவை வேண்டாம். அதற்கு முன்பாக, ஏதேனும் ஒரு பிரிவை மட்டும் இரண்டு வாரங்கள் புதிய இன்ட்ராநெட்டில் பணியாற்றச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் பிரிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர்கள் வழி தெரியாவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஐந்து வேலைகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, யாரும் சொல்லித் தராமல் செய்யச் சொல்லுங்கள்: ஒருவரின் டெலிபோன் எண்ணைக் கண்டுபிடித்தல், விடுமுறைக்கு விண்ணப்பித்தல், பே ஸ்லிப் எடுத்தல், பயணப் படிவத்தை நிரப்புதல், கடைசிச் சுற்றறிக்கையைப் படித்தல். எங்கே தடுமாறுகிறார்களோ, அங்கே பெயரையோ மெனுவையோ மாற்றவும்.

9. திரும்பி வரும் வழி: மாற்றத்திற்கு முன் முழு பேக் அப் எடுக்கவும். எடுத்ததிலிருந்து சில பைல்களை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டுத் திறந்து பார்க்கவும். திறந்து பார்க்காத பேக் அப்பை நம்ப முடியாது. "திங்கள் காலை 8 மணிக்குள் லாகின் வேலை செய்யவில்லை எனில் பழையதையே திறப்போம்" என்பது போன்ற முடிவையும் முன்பே எழுதி வைக்கவும். நெருக்கடியில் நின்று கொண்டு இதனை விவாதிக்க நேரம் இருக்காது.

10. போலி மெயில்கள்: இப்படி மாறும் நேரத்தைத்தான் பாஸ்வேர்ட் திருடுபவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். "புதிய இன்ட்ராநெட்டில் உங்கள் அக்கவுண்ட்டை உறுதி செய்திட இங்கே கிளிக் செய்யவும்" என ஒரு மெயில் வந்தால், அந்த வாரத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. எனவே புதிய முகவரியை நோட்டீஸ் போர்டிலும் பிரிவுக் கூட்டங்களிலும் தெரிவியுங்கள். லாகின் லிங்க் எதையும் மெயிலில் அனுப்ப மாட்டோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடவும். அறிவித்தபடி நடந்து கொள்ளவும் வேண்டும்.

நீங்கள் ஊழியராக இருந்தால்

உங்கள் பங்கிற்குச் சிலவற்றைச் செய்து கொள்ளலாம். பழைய பே ஸ்லிப்கள், வரிப் படிவங்கள் போன்ற உங்கள் சொந்த ஆவணங்களை நிறுவனம் அனுமதித்தால் டவுண்லோட் செய்து வைக்கவும். புக்மார்க்குகளைத் திறந்து, அடிக்கடி செல்லும் பக்கங்களின் பெயர்களை ஒரு தாளில் குறித்துக் கொள்ளவும். குரோம் பிரவுசரில் கண்ட்ரோல் + ஷிப்ட் + ஓ அழுத்தினால் புக்மார்க் மேனேஜர் கிடைக்கும். மாற்றத்திற்குப் பின் பழைய பக்கமே வந்து நின்றால், கண்ட்ரோல் + எப் 5 அழுத்திப் பார்க்கவும். பிரவுசர் தன்னிடம் சேமித்து வைத்ததைக் காட்டாமல், சர்வரிலிருந்து புதிதாகப் பெற்றுத் தரும். வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து செல்வதாக இருந்தால், புதிய முகவரியை நீங்களே டைப் செய்து புக்மார்க் செய்து கொள்ளுங்கள். இரு அடுக்குப் பாதுகாப்பு கேட்டால் மறுக்காமல் அமைத்துவிடுங்கள்.

மாறிய பிறகு

பழைய சர்வரை உடனே அணைத்துவிட வேண்டாம். ஓர் ஆண்டுச் சுற்றில் வரும் பணிகள் எல்லாம் ஒருமுறை புதிய இடத்தில் நடந்து முடியட்டும். அதுவரை படிக்க மட்டும் என, ஓரிருவருக்கு மட்டும் அனுமதி தந்து, வெளி இணைப்பின்றி வைத்திருக்கலாம். அகற்றும்போது ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவற்றை முழுமையாக அழித்த பின்னரே வெளியே அனுப்பவும்.

முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை, ஊழியர்கள் தேடியும் எதுவும் கிடைக்காத சொற்களின் பட்டியலைப் பாருங்கள். "லீவ்" எனப் பலர் தேடியிருக்க, நீங்கள் அந்தப் பக்கத்திற்கு "விடுப்பு மேலாண்மை" எனப் பெயர் வைத்திருப்பது அப்போது தெரிய வரும். பெயரை மாற்றிவிடுங்கள். அவர்கள் தேடும் சொல்லிலேயே பக்கம் கிடைத்தால் போதும், புதிய இன்ட்ராநெட் தானாகவே பழகிவிடும்.